கடையின் மெயில் முகவரி ஊரெல்லாம் போய்விட்டது, ஸ்பேமைக் குறைக்க என்ன வழி?

தறிக்கடை (கேள்வி)

வணக்கம். சென்னிமலையில் குடும்பமாகக் கைத்தறிப் போர்வையும் துண்டும் விற்கிறோம். கடைக்கு நேரில் வருகிறவர்கள் ஒரு பக்கம், இணையதளத்தைப் பார்த்து மெயிலில் விலை கேட்கிறவர்கள் ஒரு பக்கம். தொடங்கிய காலத்தில் அப்பா ஒரு இலவச மெயில் முகவரி திறந்தார், அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான். வங்கி, ஜிஎஸ்டி, கூரியர், நூல் வாங்கும் மில், கண்காட்சி ஸ்டால் பதிவு, விசிட்டிங் கார்டு, இணையதளத்தின் அடிப்பகுதி, தங்கையின் கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் அதே முகவரி.

இப்போது காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் வேண்டியதைத் தேடி எடுப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. உங்கள் தளத்தை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், உங்கள் டொமைன் (இணையதளத்தின் பெயர்) காலாவதியாகப் போகிறது உடனே பணம் கட்டுங்கள், நாங்கள் கேட்காத தொழில் கடன், இவை எல்லாவற்றையும்கூட அழித்துவிட்டுப் போகலாம். "பர்சேஸ் ஆர்டர் இணைப்பில் உள்ளது" என்று வைரஸ் ஒளிந்திருக்கக்கூடிய ஒரு ஜிப் ஃபைலோடு வருவதுதான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு நிஜமான பர்சேஸ் ஆர்டரும் மெயிலில்தான் வரும், அதைத் திறக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல முடியாது.

ஸ்பேமைப் பிரித்து ஒதுக்கும் பில்டரை இறுக்கினால் வாடிக்கையாளர் மெயிலும் சேர்ந்து ஸ்பேமுக்குள் போகிறது. அதனால் பில்டர் யோசனை கேட்கவில்லை. முகவரி வெளியே போவதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்றுதான் கேட்கிறேன். முகவரியை மாற்று என்றால் பழைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள், மறைத்து வை என்றால் புதியவர்கள் எப்படி வருவார்கள்? இப்படி ஒரு நிலைமையில் இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வழங்கிப்பணி

மாற்றவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பிரியுங்கள். உங்கள் சிக்கல் முகவரி வெளியே போனதில் மட்டும் இல்லை, ஒரே முகவரி எல்லாருக்கும் போனதில் இருக்கிறது. வங்கியிடம் இருப்பதும் கண்காட்சிப் பதிவேட்டில் இருப்பதும் ஒன்றேயாக இருந்தால், ஒன்று கசிந்தால் எல்லாம் கசிந்ததாக ஆகிறது, எது கசிந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

செலவில்லாமல் இன்றைக்கே தொடங்க ஒன்று உண்டு. உங்களுடையது ஜிமெயில் அல்லது அவுட்லுக் என்றால் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதையும் சேர்க்கலாம். கடை@ஜிமெயில் என்பது உங்கள் முகவரி என்றால் கடை+கூரியர்@ஜிமெயில், கடை+கண்காட்சி@ஜிமெயில் எல்லாமே தனியாக எதுவும் திறக்காமல் அதே இன்பாக்ஸுக்கு வரும். யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது பெறுநர் இடத்தில் தெரியும், அதை வைத்து லேபிள் போடலாம், ஒன்று கெட்டுப்போனால் அதற்கு வருவதை மட்டும் நேராகக் குப்பைக்கு அனுப்பலாம். ஆனால் இதை முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். கூட்டல் குறியிலிருந்து பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டு அசல் முகவரிக்கு அனுப்ப ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு ஒரு வரி நிரல் போதும். கூட்டல் குறியை ஏற்காத விண்ணப்பப் படிவங்களும் நம் ஊரில் ஏராளம். இன்னொன்று, அப்படி வந்த மெயிலுக்கு நீங்கள் பதில் போடும்போது அனுப்புநராக அசல் முகவரி போய்விடும், அமைப்புகளில் அந்த முகவரியையும் அனுப்புநர் முகவரியாகச் சேர்த்திருந்தால்தான் போகாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்களுக்கு இணையதளம் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் சொந்த டொமைனும் இருக்கும். அந்தப் பெயரிலேயே வேண்டிய மெயில் முகவரிகளை வைத்துக்கொள்ளலாம், அதுதான் உங்கள் கையில் இருக்கிற நல்ல ஆயுதம். இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2021 முதல் இலவசமாக ஒரு மெயில் திருப்பிவிடும் சேவை தருகிறது, நம் சென்னை ஜோஹோவின் மெயிலிலும் ஒரே பெட்டிக்குப் பல அலையஸ் (மாற்றுப் பெயர்) முகவரிகள் வைத்துக்கொள்ளலாம். விசாரணை என்ற பெயரில் ஒரு முகவரி, அது இணையதளத்துக்கும் கார்டுக்கும். ஆர்டர் என்று ஒன்று, உங்களோடு ஏற்கனவே வியாபாரம் செய்கிறவர்களுக்கு மட்டும் தனித்தனியாகச் சொல்வது. கூரியருக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று. வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரிக்கு மட்டும் எங்கேயும் அச்சிடாத, யாரிடமும் சொல்லாத புது முகவரி ஒன்று.

இப்போது அப்பாவின் ஜிப் ஃபைல் விஷயத்துக்கு வாருங்கள். உண்மையான வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஆர்டர் முகவரிக்கு அனுப்புகிறார்கள் என்றால், இணையதள முகவரிக்கு ஒரு பர்சேஸ் ஆர்டர் வந்து நிற்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் அவர் ஆராய வேண்டியதில்லை, எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தால் போதும். புதிய வாடிக்கையாளர் முதல் தடவையே ஆர்டரை இணைத்து அனுப்புவது அபூர்வம், அப்படி வந்தாலும் ஒரு போன் செய்துவிட்டுத் திறக்கலாம். ஆர்டர் முகவரிக்கு வந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், தெரிந்தவரின் கணக்கே திருடு போயிருக்கலாம். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று யார் எழுதினாலும் போனில் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

டொமைனில் எந்தப் பெயருக்கு மெயில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் வசதியைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், அதைத் திறக்காதீர்கள். சேல்ஸ், இன்போ, அட்மின் என்று வழக்கமான பெயர்களை எல்லா டொமைனிலும் போட்டுப் பார்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அத்தனையும் உள்ளே வரும்.

பழைய முகவரி

மேலே சொன்னதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் பலன் குறைவு என்பது என் கருத்து. பல ஆண்டுகளாக வெளியே இருக்கிற முகவரி ஸ்பேம் பட்டியல்களில் இருக்கத்தான் செய்யும், இனிமேல் பிரித்து அந்தப் பட்டியலில் இருந்து வெளியே வர முடியாது.

ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள், எந்தெந்த தரவுக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். லிங்க்ட்இன் தளத்தில் 2012-இல் திருடப்பட்டது 2016-இல் விற்பனைக்கு வந்தபோது அதில் 16 கோடிக்கு மேற்பட்ட மெயில் முகவரிகள் இருந்தன. அதில் இருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, முறையான ஒரு இடத்தில் முறையாகப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் எவ்வளவு காத்தாலும் உங்கள் நண்பர் காக்க மாட்டார். ஏதோ ஒரு செயலி கேட்டவுடன் போனில் உள்ள தொடர்புகள் எல்லாவற்றையும் திறந்து கொடுத்துவிடுவார், உங்கள் பெயரும் எண்ணும் மெயிலும் அதோடு போகும். பயனரின் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அந்தப் பயனரின் பெயரிலேயே திரும்பத் திரும்ப அழைப்பு அனுப்பியதற்காக லிங்க்ட்இன் மீது அமெரிக்காவில் வழக்கு நடந்து 2015-இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அழைப்பு வந்து சலித்தவர்கள் பலரும் தங்கள் முகவரியை அந்த நிறுவனத்திடம் கொடுத்தவர்களே இல்லை.

அதனால் நான் சொல்வது, இருப்பதை வைத்துக்கொண்டு ஸ்பேம் என்று குறியிடுவதையும் வேண்டியதை ஸ்பேமில் இருந்து மீட்பதையும் விடாமல் செய்யுங்கள், பில்டர் பழகும். முறையான நிறுவனங்கள் அனுப்பும் விளம்பரம் என்றால் விலகும் பொத்தானை அழுத்துங்கள். 2024 முதல் ஜிமெயில், யாஹூ இரண்டும் மொத்தமாக அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலக வழி வைத்திருக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று விதித்திருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இது கட்டாயம். யார் என்றே தெரியாதவன் அனுப்பியதில் மட்டும் விலகும் இணைப்பை அழுத்தாதீர்கள், இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்வதாகிவிடும்.

வழங்கிப்பணி

கசிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, உண்மைதான். நான் சொல்வது அந்த முகவரியைக் காப்பாற்ற இல்லை. அதில் இருந்து முக்கியமானவை எல்லாம் வெளியேறிவிட்டால் அதற்கு எவ்வளவு குப்பை வந்தாலும் என்ன? வங்கியும் ஆர்டரும் அங்கே இல்லை என்று ஆன பிறகு அதை நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். நீங்கள் சொல்கிற பில்டர் பழக்கமும் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இறுக்கிவைக்க வேண்டிய பெட்டி எது, தளர்த்திவைக்க வேண்டிய பெட்டி எது என்று தெரிந்துவிடும்.

செயலி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். தொடர்புகளைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம், பெரும்பாலான செயலிகள் அது இல்லாமலும் ஓடும்.

டோர்ட்முண்ட் தமிழன்

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன், இங்கே நண்பர்களோடு சேர்ந்து சின்ன அளவில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம், அதற்கு ஒரு தளம் இருக்கிறது. இங்கே மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, சட்டமே போடச் சொல்கிறது. வியாபாரத் தளம் வைத்திருப்பவர் இம்ப்ரெசம் என்ற பக்கத்தில் பெயர், அஞ்சல் முகவரி, மெயில் முகவரி எல்லாம் வெளிப்படையாக எழுத வேண்டும். முன்பு இது தொலைஊடகச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இருந்தது, 2024 மே முதல் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இருக்கிறது. மெயில் முகவரி இல்லாமல் தொடர்புப் படிவம் மட்டும் வைத்தால் போதாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே இங்கே பலரும் செய்வது வழங்கிப்பணி சொன்னதேதான். இம்ப்ரெசத்துக்கு என்று ஒரு தனி முகவரி, அது கெட்டுப்போகும் என்று தெரிந்தே வைப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும்போது வேறு முகவரியில் இருந்து எழுதுவது.

தளத்தில் போடும்போது எப்படிப் போடுகிறோம் என்பதிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் என்ற அமைப்பு 2003-இல் புதிது புதிதாக முகவரிகள் திறந்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக வெளியிட்டுப் பார்த்தது. வந்த ஸ்பேமில் 97 சதவீதத்துக்கு மேல் பொதுத் தளங்களில் வெளிப்படையாக எழுதிய முகவரிகளுக்கு வந்தது. அதே தளங்களில் எழுத்துகளைக் குறியீடாக மாற்றியோ, @ குறியையும் புள்ளியையும் அட், டாட் என்று சொல்லாக எழுதியோ வைத்த முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. அது பழைய காலம், முகவரி பொறுக்கும் இன்றைய ரோபோ நிரல்கள் அட், டாட் எல்லாம் எளிதாகப் படித்துவிடும், அதனால் அந்த எண்ணை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் சோம்பேறி ரோபோக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மூலம் முகவரி உருவாகும்படி வைத்தால் அவை ஏமாறும், உங்கள் தளம் கிளவுட்ஃப்ளேர் வழியாகப் போனால் அதில் இதற்கு ஒரு பொத்தானே உண்டு. முகவரியைப் படமாகப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருளால் அதைப் படிக்க முடியாது, மற்றவர்களும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.

படிவம் வைப்பதானால், எழுதியவர் கொடுத்த முகவரிக்கே ஒரு நகல் தானாகப் போகும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஸ்பேம் அனுப்புகிறவன் படிவத்தில் வேறு யாருடைய முகவரியையாவது போட்டு, செய்திப் பகுதியில் தன் விளம்பரத்தை எழுதிவிட்டால், உங்கள் தளத்தின் வழங்கியே (சர்வர்) அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அப்புறம் உங்கள் டொமைன் ஸ்பேம் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், நிஜமான மெயிலும் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதவில்லை. உங்களிடமும் வாடிக்கையாளர்களின் முகவரிகள் இருக்கின்றன. தீபாவளித் தள்ளுபடி என்று எல்லாருக்கும் ஒரே மெயில் அனுப்பும்போது அத்தனை முகவரிகளையும் சிசியில் போடுகிறவர்கள் உண்டு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாருடைய முகவரியும் போய்ச் சேர்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாதபடி பிசிசியில் போடுங்கள், அல்லது தனித்தனியாக அனுப்பும் சேவையைப் பயன்படுத்துங்கள். இங்கே செய்திமடலில் சேர்ந்தவருக்கு முதலில் ஒரு உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பி, அதில் அவர் அழுத்திய பிறகே பட்டியலில் சேர்ப்பார்கள். நம் ஊரிலும் அதைச் செய்வது நல்லது, வேறொருவர் முகவரியை யாரும் எழுதிவிட்டுப் போக முடியாது.

ஆய்வகம் 3

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் நிலைமை உங்கள் விசிட்டிங் கார்டு போன்றதுதான், இன்னும் கொஞ்சம் மோசம். ஆய்வுக்கட்டுரை வெளியானால் தொடர்பு ஆசிரியரின் மெயில் முகவரி முதல் பக்கத்திலேயே அச்சாகும், அது காலத்துக்கும் அங்கேயே இருக்கும், யாரும் எடுக்க முடியாது. அதைச் சேகரித்து, மரியாதைக்குரிய பேராசிரியரே என்று தொடங்கி, எங்கள் இதழில் எழுதுங்கள், எங்கள் மாநாட்டில் தலைமை உரை ஆற்றுங்கள் என்று துறைக்கே சம்பந்தமில்லாத இடங்களில் இருந்து வந்துகொண்டே இருக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்தும் ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், முறையான தகுதியாய்வு (துறை அறிஞர்கள் கட்டுரையைச் சரிபார்ப்பது) நடப்பதாகச் சொல்லி ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அதற்குப் பிறகும் இந்த வகை மெயில் நிற்கவில்லை, பெயர்கள்தான் மாறுகின்றன.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டுரைகளுக்கு என்று ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள், அதில் வங்கியோ வேலை விண்ணப்பமோ இருக்கக் கூடாது. கல்லூரி முகவரியை மட்டும் போட்டால் படிப்பு முடிந்ததும் அது மூடப்படும், பின்னால் தொடர்பு கொள்ள விரும்பும் உண்மையான ஆய்வாளருக்கு வழியில்லாமல் போகும். அதனால் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் ஆர்கிட் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அது 2012 முதல் இருக்கிறது, அதில் உங்கள் மெயில் முகவரி நீங்களாகத் திறந்து வைத்தால் ஒழிய மற்றவர்களுக்குத் தெரியாது. பணியிடம் மாறினால் அங்கே மாற்றினால் போதும். தறிக்கடைக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். கார்டில் மெயில் முகவரிக்குப் பதிலாக இணையதளத்தின் பெயரை மட்டும் அச்சிடுங்கள், முகவரி தளத்தில் இருக்கட்டும். கார்டு எவ்வளவு காலம் யாரிடம் இருந்தாலும் தளத்தில் உள்ளதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை

தொழில் வரி வேலை செய்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலில், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்துவிட்டேன், ஸ்பேம் மெயில் நிற்கவில்லையே என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். அது தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைகள் மெயிலைத் தொடுவதில்லை. மெயிலுக்கு என்று நம் நாட்டில் தனி ஸ்பேம் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மெயில் பற்றியும், எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றும் மெயில் பற்றியும் ஒரு உட்பிரிவு இருந்தது, அந்தப் பிரிவு முழுவதையும் கருத்துரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் மாதம் ரத்து செய்துவிட்டது. செய்தது சரியான தீர்ப்புதான், ஆனால் ஸ்பேமுக்கு மாற்றாக வேறு எதுவும் வரவில்லை.

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, தரவை அழிக்கச் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது, நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். ஆனால் உங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தனிநபர் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்களே தளத்தில் எழுதிவைத்த முகவரியை ஒருவன் எடுத்துக்கொண்டால் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். அதனாலும்தான் பொதுவில் வைக்கும் முகவரி தனியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கடையில் பில் போடும்போது போன் எண் கேட்பது இன்னொரு வாசல். எண் கொடுக்காவிட்டால் பில் தர மாட்டோம் என்று சொல்வது நியாயமற்ற வணிக முறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள், வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, காசாளர் தானே ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு பில் கொடுத்துவிடுவார்.

பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் எதிர்காலத்தில் இருந்தால் இப்போதே யோசித்துவையுங்கள். கம்பெனி பதிவில் கொடுக்கும் மெயில் முகவரி நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் நெடுங்காலம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது, அதை அப்படியே அள்ளித் தங்கள் தளங்களில் போட்டுக்கொண்ட தனியாரும் உண்டு. பதிவு முடிந்த உடனே ட்ரேட்மார்க் எடுத்துத் தருகிறோம், கடன் தருகிறோம் என்று மெயில் கொட்டுவதன் காரணம் இதுதான். ஆடிட்டர் அவசரத்தில் உங்கள் சொந்த முகவரியைப் போட்டுவிடுவார், எந்த முகவரி என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுங்கள்.

தறிக்கடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன், எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தால் போதும் என்பது அவருக்கு உடனே பிடித்துவிட்டது. விசாரணைக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று என்று ஜோஹோவில் போடலாம் என்று இருக்கிறோம். கார்டு புதிதாக அடிக்கும்போது தளத்தின் பெயரும் கடை போன் எண்ணும் மட்டும்.

மூன்று சந்தேகம் பாக்கி. டொமைன் காலாவதியாகிறது என்று வருவது பொய் என்று எப்படித் தெரிந்துகொள்வது, நிஜமாகவே ஒருநாள் காலாவதியாகும் இல்லையா? அசல் முகவரியை மறைத்து வேறொரு முகவரி தரும் டக் டாட் காம், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் மறைமுகவரி போன்றவற்றை வங்கிக்குக் கொடுக்கலாமா என்று தங்கை கேட்கிறாள். பழைய முகவரியை எப்போது மூடுவது?

வழங்கிப்பணி

டொமைனுக்கு, பதிவு நிறுவனத்திடம் மட்டும் கொடுக்கும் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த முகவரிக்கு அந்த எச்சரிக்கை வந்தாலும் பொய். சரியான முகவரிக்கு வந்தாலும் மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல் நீங்களே பதிவு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் தேதியைப் பாருங்கள். அந்த முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருக்கக் கூடாது, ஏனென்றால் டொமைன் காலாவதியானால் அதில் உள்ள மெயிலும் நின்றுவிடும், மீட்பதற்கான மெயிலே உங்களுக்கு வராது. இதற்கு மட்டும் ஜிமெயில் போன்ற வெளி முகவரிதான் சரி.

ஒரு காலத்தில் டொமைன் உரிமையாளரின் பெயர், போன், மெயில் எல்லாம் ஹூஇஸ் என்ற பொதுப் பதிவேட்டில் உலகத்துக்கே தெரியும், பதிவு செய்த மறுநாளே வெப் டிசைன் செய்து தரட்டுமா என்று அழைப்பு வரும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு டாட் காம் போன்றவற்றில் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. எல்லா வகை டொமைனுக்கும் அப்படி இல்லை, உங்களுடையதில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தங்கை சொல்லும் மறைமுகவரிச் சேவைகள் நல்லவைதான், கடையில் ஒருமுறை வாங்கும் பொருளுக்கு, செய்திமடலுக்கு, எதையோ தரவிறக்க முகவரி கேட்கும் தளத்துக்கு அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் ரிலேயில் இலவசமாக ஐந்து முகவரிகள் கிடைக்கும், டக் டாட் காம் மெயிலுக்குள் ஒளிந்திருந்து, நீங்கள் திறந்ததை அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும் கண்காணிப்புப் படங்களையும் நீக்கித் தருகிறது. ஆனால் வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டிக்கு வேண்டாம். ஒருநாள் அந்தச் சேவை நின்றாலோ விதிகளை மாற்றினாலோ ஓடிபி எங்கே போகும் என்று தெரியாது. அங்கெல்லாம் உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிற முகவரிதான், கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்போடு.

பழைய முகவரியை மூடவே வேண்டாம். மூடினால் அதை வைத்துத் திறந்த ஏதோ ஒரு கணக்கு மறந்துபோய் மாட்டிக்கொள்ளும், பழைய வாடிக்கையாளரின் கடிதமும் திரும்பிப் போகும். முதலில் வங்கியையும் வரியையும் புது முகவரிக்கு மாற்றுங்கள், அதுதான் அவசரம். அடுத்து ஏற்கனவே ஆர்டர் தருகிறவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி ஆர்டர் முகவரியைச் சொல்லுங்கள், முகவரி மாறிவிட்டது என்று மெயிலில் மட்டும் சொன்னால் அவர்களும் சந்தேகப்பட வேண்டும், அதனால் போனிலும் ஒரு வார்த்தை. பழைய பெட்டியில் தானாகப் பதில் போகும் வசதி வைக்காதீர்கள், ஸ்பேம் அனுப்புகிறவனுக்கும் புது முகவரி போய்விடும். தெரிந்த வாடிக்கையாளர் யாராவது பழையதற்கு எழுதினால் ஆர்டர் முகவரியில் இருந்து பதில் போடுங்கள், அடுத்த முறை அவர் பெரும்பாலும் அதற்கே எழுதுவார். படங்கள் தானாகத் திறப்பதை அந்தப் பெட்டியில் நிறுத்திவிட்டு, பண்டிகைக்கு முன்னால் ஆர்டர் வரும் மாதங்களில் மட்டும் ஸ்பேம் ஃபோல்டரையும் சேர்த்துப் பாருங்கள், பழைய முகவரியிலேயே விலை கேட்கிறவர்கள் அப்போது வரலாம்.